தெர்மாகோல் டீக்கடை

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், டயர்க் கடைகளும் கிரானைட் கடைகளும் முடிகிற இடத்தில், பெரிய பெரிய தூண்கள் வைத்த வெள்ளைக் கட்டடம் ஒன்று நிற்கும். புதிதாக வருகிறவர்கள் கல்யாண மண்டபம் என்று நினைத்து மொய்க் கவரோடு இறங்கிவிடுவதும் உண்டு. இறங்கியது தப்பு, ஆனால் கவர் கொண்டுவந்தது தப்பில்லை என்று உள்ளே போன பிறகு அவர்களுக்கே தெரிந்துவிடும். அதுதான் விண்மதி நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

அதன் வேந்தர் டாக்டர் அழகேசன். கொரட்டூர்ப் பக்கம் மனை விற்றுக்கொண்டிருந்தவர். மனையை ஒருமுறைதான் விற்க முடியும், அதன்மேல் வகுப்பறை கட்டினால் வருடா வருடம் விற்கலாம் என்று நல்ல நேரத்தில் கண்டுகொண்டார். டாக்டர் பட்டத்தை அவருக்கு அவருடைய பல்கலைக்கழகமே வழங்கியது. வழங்கியவரும் அவர், வாங்கிக்கொண்டவரும் அவர். போட்டோகிராபர்தான் பாவம், எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

பல்கலைக்கழகத்துக்குத் தரச்சான்று கொடுக்க ஒரு குழு வருவது வழக்கம். போனமுறை வந்த குழு, பாதாம் அல்வா சாப்பிட்ட கையோடு, ‘மாணவர்களிடையே கூட்டு முயற்சி குறைவாக உள்ளது’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனது. அந்த ஒரு வரி வேந்தரைத் தூங்கவிடவில்லை. அடுத்த பருவத்திலேயே ‘கூட்டுறவுத் தொழில்முனைவு’ என்ற பாடம் எல்லோருக்கும் கட்டாயமாயிற்று. வணிகவியல் படிப்பவனுக்கும் உண்டு, பாக்டீரியா படிப்பவனுக்கும் உண்டு.

தொடக்க விழாவில் வேந்தர் பேசினார்.

“மாணவச் செல்வங்களே! கூட்டுறவு என்றால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். என் குடும்பத்தைப் பாருங்கள். நான் வேந்தர். என் துணைவியார் இணைவேந்தர். மகன் துணைவேந்தர். மருமகள் திவ்யா பதிவாளர். மைத்துனர் கோவிந்தராஜ் உணவகம், விடுதி, பேருந்து மூன்றையும் ஒற்றை ஆளாகத் தாங்குகிறார். நாங்கள் யாராவது சம்பளத்துக்காகவா இங்கே இருக்கிறோம்? வெளியாள் ஒருவரைக்கூட உள்ளே விடாமல் இத்தனை வருடம் ஒற்றுமையாக இருக்கிறோமே, இதைவிடப் பெரிய கூட்டுறவு உலகத்தில் எங்கே இருக்கிறது?”

கைதட்டல் அரங்கத்தைப் பிளந்தது. அன்றைக்கு வருகைப்பதிவு கைதட்டலுக்குப் பிறகுதான் எடுக்கப்படும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவி ஜாஸ்லினும் இருந்தாள். அண்ணனூர்ப் பெண். அப்பா ரூபஸ் மின்சார ரயில் பணிமனையில் பிரேக் பார்க்கிறவர். பிரேக் பிடிக்கும் என்று கையெழுத்துப் போட்டால் பிரேக் பிடித்தே ஆகவேண்டும் என்ற மூடநம்பிக்கையில் ஊறிய குடும்பம். அதனால் ஜாஸ்லினுக்கும் அச்சில் போட்டதை அப்படியே நம்புகிற வியாதி இருந்தது. வேந்தர் பேசியதில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பாடத்திட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பிட்டு முடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். பல்கலைக்கழக வரலாற்றில் அதைப் படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கவேண்டும். எழுதியவர்கள் உட்பட.

பாடம் எடுக்க வந்தவர் ஜேசுராஜ் சார். ஒப்பந்த விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் பதிவாளர் அறை வாசலில் நின்று வேலையைப் புதுப்பித்துக்கொள்கிறவர். ஆனால் வகுப்பில் அவர் வேறு மனிதர். “பணக்காரன் எத்தனை பங்கு வெச்சிருந்தாலும் சரி, கூட்டுறவுல அவனுக்கு ஓட்டு ஒண்ணுதான். ஓர் உறுப்பினர், ஓர் ஓட்டு!” என்று சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். குரல் கொஞ்சம் உடையும். கடைசி பெஞ்சுக்காரர்கள்கூட செல்போனைக் கவிழ்த்து வைப்பார்கள். “யார் வேணும்னாலும் சேரலாம். சாதி, மதம், படிப்பு, வேலை, எதுவும் கேட்கக்கூடாது. அதான் முதல் விதி” என்பார். ஜாஸ்லினுக்குப் புல்லரிக்கும். இந்தக் கட்டடத்துக்குள் உண்மை பேச ஒரு மனிதராவது இருக்கிறாரே என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பருவத்தின் நடுவில் செய்முறைத் தேர்வு அறிவிக்கப்பட்டது. ‘மாதிரிக் கூட்டுறவு ஒன்றை அமைத்துக் காட்டுக.’

விண்மதியில் செய்முறை என்றால் தெர்மாகோல் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வாசலுக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரி கடையில் தலைப்பைச் சொன்னால் போதும். அணைக்கட்டு, இதயம், நாடாளுமன்றம், எதுவானாலும் மறுநாள் தெர்மாகோலில் தயாராக இருக்கும். இந்தத் தலைப்பு வந்த அன்றே அந்தக் கடைக்காரர் பால் பண்ணை, நெசவுக்கூடம், ரேஷன் கடை என்று வகை வகையாகச் செய்து அடுக்கிவிட்டார். மாட்டுக்குச் சின்ன பல்பு வைத்திருந்தார். சுவிட்சைப் போட்டால் மடி எரியும்.

இது ஜாஸ்லினுக்கும் தெரியும். முந்தின வருடம் அவளும் தெர்மாகோலில் வங்கி வாங்கியவள்தான். ஆனால் ஜேசுராஜ் சார் வகுப்பு அப்படி இல்லை என்று நினைத்துவிட்டாள். ‘அமைத்துக் காட்டுக’ என்றிருந்தது. அமைத்தாள்.

பேருந்துகள் நிற்கிற கொட்டகைக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு தகரக் கூரை இருந்தது. அங்கேதான் துப்புரவு வேலைக்காரப் பெண்களும் பஸ் டிரைவர்களும் நின்றுகொண்டே டீ குடிப்பார்கள். கோவிந்தராஜ் உணவகத்துக்குள் அவர்கள் உட்காரக்கூடாது. அப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டீ போடுகிறவள் பார்வதம். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து விடியற்காலை வந்து, மூன்று மாடிக் கழிப்பறைகளைக் கழுவிவிட்டு, நடுவில் கிடைக்கும் நேரத்தில் கெரசின் அடுப்பில் போடுகிற டீ. வேந்தரின் பாதாம் அல்வாவைவிட அந்த டீக்கு மவுசு அதிகம்.

ஜாஸ்லினோடு குழுவில் இருந்தவன் அர்ஷத். அவன் அத்தா உஸ்மான் கனி பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். மகன் கேட்டதும் பழைய பாய்லர் ஒன்றை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். “படிப்புக்குப் பாய்லர் கேக்குற காலேஜ இப்பதான்டா பாக்குறேன், நல்ல காலேஜ்” என்று சந்தோஷப்பட்டாராம்.

பாய்லர் வந்துவிட்டது. பார்வதம்தான் பிடிகொடுக்கவில்லை.

“இன்னா பாப்பா, வெள்ளாட்றியா? நானு கக்கூஸ் கய்வுறவ. என்ன இஸ்துகினு போயி கடைல குந்த வெப்பியா? பாத்தாங்கன்னா அன்னிக்கே கான்ட்ராக்டர் ஊட்டுக்கு அனுப்சிடுவான்.”

“அக்கா, இது கான்ட்ராக்டர் கடை இல்ல. நம்ம கடை. நீங்களும் உறுப்பினர், நானும் உறுப்பினர். உங்களுக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டு.”

“வேந்தருக்கு?”

“அவர் சேர்ந்தா அவருக்கும் ஒண்ணுதான்.”

பார்வதம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

“எம்மாடி, அந்த வேலய உட்டுட்டு வந்தா திரும்பி சேக்க மாட்டான். எம் பொண்ணு இப்பதான் நர்சிங் சேந்துகீது. இது நாளைக்கி இல்லன்னு ஆச்சின்னா எனுக்கு வேற போக்கு கெடயாது. பட்சவ நீ, யோச்சி சொல்லு.”

ஜாஸ்லின் யோசிக்கவில்லை. பையிலிருந்து பாடத்திட்டத்தை எடுத்து விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். உறுப்பினர்களைக் கேட்காமல் யாரும் கடையை மூட முடியாது என்ற இடம் வந்ததும் இரண்டு தடவை படித்தாள். அச்சில் இருக்கிறதே! மறுவாரம் பார்வதம் துடைப்பத்தைக் கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

கடை பிய்த்துக்கொண்டு போயிற்று. மாணவர்கள், டிரைவர்கள், தோட்டக்காரர், துப்புரவுப் பெண்கள் என்று எல்லோரும் உறுப்பினர்கள். சனிக்கிழமைதோறும் கொட்டகைக்குள் பொதுக்குழு நடக்கும். முதல் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, சந்தைக்கடை ஆகிவிட்டது. ஜாஸ்லின் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். பேச வேண்டியவர் கையைத் தூக்கவேண்டும். தூக்கினால் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் எழுந்து பேசலாம், முடிக்கிறவரை யாரும் குறுக்கே பேசக்கூடாது.

இது பார்வதத்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இத்தனை வயதில் அவள் பேசி முடிக்கும்வரை யாரும் காத்திருந்ததில்லை. இஞ்சியை நசுக்கிப் போடவேண்டுமா, துருவிப் போடவேண்டுமா என்பதற்குக் கையைத் தூக்கினாள். பெஞ்சு எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதற்குத் தூக்கினாள். வீட்டில் புருஷனிடம் தூக்கினாளாம். “இன்னாடி, பஸ்ஸ நிறுத்திகினு கீறியா?” என்று அவன் கேட்டானாம். இதைச் சொல்வதற்காகவும் அடுத்த கூட்டத்தில் கையைத் தூக்கினாள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

பல்கலைக்கழகம் இதைக் கவனிக்கவே இல்லை. கோவிந்தராஜின் உணவகத்தில் ஈ ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் கவனித்தது. கடையை மூடச் சொல்வார்கள் என்று அர்ஷத் பயந்தான். விண்மதி அவ்வளவு மட்டமான இடம் இல்லை. கடையைப் பாராட்டி ஒரு சுற்றறிக்கை வந்தது.

வேந்தர் கடையைத் திறந்து வைப்பார் என்று அதில் இருந்தது. கடை ஏற்கனவே திறந்துதானே இருக்கிறது என்று ஜாஸ்லின் கேட்டதற்கு, அப்படியானால் திறப்பதற்கு வசதியாக மூடுங்கள் என்றார்கள். பெயின்ட் அடிப்பதற்காக ஒரு வாரம் கடை மூடிக் கிடந்தது. உறுப்பினர்களெல்லாம் கோவிந்தராஜின் உணவகத்தில் டீ வாங்கி, வெளியே வந்து நின்று குடித்தார்கள். திறப்பு விழாவில் வேந்தர் ரிப்பனை வெட்டி, ஒரு வாய் டீ குடித்து, “இந்தச் சுவை என் கனவில் பல வருடங்களாக இருந்தது” என்றார். பார்வதம் கையைத் தூக்கினாள். அதில் சர்க்கரை போட மறந்துவிட்டது என்று சொல்லத்தான். மேடையில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அதோடு நின்றதா? ‘கூட்டுறவு வழிகாட்டுதல் குழு’ என்று ஒன்று அமைந்தது. வேந்தர் நிரந்தரத் தலைவர். ஜனநாயக முறைப்படி அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் துணைவியார், மகன், மருமகள், மைத்துனர். குழுவின் முதல் உத்தரவுப்படி தொழில்முனைவு மதிய உணவு இடைவேளையில் மட்டும் நடக்கவேண்டும். இரண்டாவது உத்தரவுப்படி டீ குடிக்க வரும் மாணவர் துறைத்தலைவரின் அனுமதிச் சீட்டோடு வரவேண்டும். சீட்டு வாங்கி வருவதற்குள் இடைவேளை முடிந்துவிடும் என்று அர்ஷத் சொன்னான். அது தொழில்முனைவின் சவால்களில் ஒன்று என்று பதிவாளர் திவ்யா விளக்கினார்.

பிறகு செய்முறை மதிப்பெண் வந்தது. பால் பண்ணைக் குழுவுக்கு முதல் பரிசு. ஜாஸ்லின் குழுவுக்குப் பூஜ்யம். மாதிரி எதையும் அவர்கள் சமர்ப்பிக்கவில்லையாம்.

ஜாஸ்லின் நேராக ஜேசுராஜ் சாரிடம் போனாள்.

“சார், கடையே இருக்கே சார். வந்து பாருங்க. நீங்ககூட தினம் டீ குடிக்கிறீங்களே.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குத் தெரியும்மா. ஆனா மார்க் ஷீட்ல ‘மாதிரியின் அழகு’ன்னு ஒரு கட்டம் இருக்கு. ‘விளக்கு எரிகிறதா’ன்னு ஒண்ணு இருக்கு. கடைக்கு நான் எதைப் போடுறது? ஒண்ணு பண்ணுங்க. உங்க கடையவே தெர்மாகோல்ல செஞ்சு கொண்டாந்துடுங்க.”

எதிர்க்கடைக்காரர் மறுநாளே செய்து கொடுத்தார். தகரக் கூரை, பாய்லர், பெஞ்சு, சிவப்புப் புடவை கட்டிய பொம்மை ஒன்று. சுவிட்சைப் போட்டால் பாய்லர் எரியும். தூசி படியாமல் இருக்கவேண்டும் என்று அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டியும் போட்டு, நூலக வாசலில் வைத்தார்கள். பார்வதம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “நல்லாதான் கீது. ஆனா என்ன குந்த வெக்காம நிக்க வெச்சிகீறாங்கோ” என்றாள்.

தரச்சான்றுக் குழு வரும் தேதி நெருங்கியது. அப்போதுதான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. கடையை ‘விண்மதி கூட்டுறவு பிரைவேட் லிமிடெட்’ என்ற நிறுவனம் எடுத்து நடத்தப்போகிறது, அதன் நிர்வாக இயக்குநர் கோவிந்தராஜ். ஜாஸ்லின் பதறிப்போய் மறுபடியும் ஜேசுராஜ் சாரிடம் ஓடினாள். பார்வதத்துக்கு வாக்குக் கொடுத்தவள் அவள். தூக்கம் போய்விட்டது.

“பொதுக்குழு கூடாம எப்டிம்மா எடுப்பாங்க?” என்றார் அவர். “தீர்மானம் வரட்டும். மெஜாரிட்டி உங்க பக்கம்தானே? நான் இருக்கேன். நான் பாத்துக்கறேன்.”

‘நான் இருக்கேன்’ என்று அவர் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. வகுப்பில் கலங்குகிற அதே கலக்கம். ஜாஸ்லின் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

பொதுக்குழு கொட்டகையில் நடக்கவில்லை, குளிரூட்டிய பெரிய அரங்கத்தில் நடந்தது. ஜாஸ்லின் உள்ளே நுழைந்து பார்த்தாள். அரங்கம் நிறைய முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். கடைப் பக்கமே வராதவர்கள். காலையில் வருகைப்பதிவு மிஷினில் விரல் வைத்தார்கள் அல்லவா, அதே விரலில் அவர்கள் எல்லோரும் உறுப்பினர்களும் ஆகிவிட்டார்களாம். முதல் விதி அதுதானே, யார் வேண்டுமானாலும் சேரலாம். கடையின் பழைய உறுப்பினர்கள் கடைசி இரண்டு வரிசையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அரங்கத்து நாற்காலியில் துப்புரவுப் பெண்கள் உட்கார்வது அன்றைக்குத்தான் முதல் தடவை. தினமும் அவற்றைத் துடைத்திருக்கிறார்கள்.

வேந்தர் பேசினார். “சில பேர் கேட்கிறார்கள், கூட்டுறவை ஏன் ஒருவரிடம் கொடுக்கிறீர்கள் என்று. நான் கேட்கிறேன், பல பேரிடம் இருந்தால் யாரைப் போய்ப் பாராட்டுவது? மாலையை யார் கழுத்தில் போடுவது? பொறுப்பு பலரிடம் இருக்கட்டும், கடை ஒருவரிடம் இருக்கட்டும். இதுதான் விண்மதி மாடல்!”

பிறகு பதிவாளர் திவ்யா ஒலிபெருக்கியைப் பிடித்தார். தீர்மானத்தை முன்மொழிய, கூட்டுறவுத் தொழில்முனைவு மையத்தின் இயக்குநரை அழைப்பதாகச் சொன்னார். அப்படி ஒரு மையமும் இயக்குநரும் இருப்பது ஜாஸ்லினுக்கு அப்போதுதான் தெரியும்.

மேடைக்கு வந்தவர் ஜேசுராஜ் சார்.

புதுக் கோட்டு போட்டிருந்தார். தீர்மானத்தை நன்றாகவே படித்தார். வகுப்பில் பேசுகிற அதே குரல். ‘உறுப்பினர்களின் விருப்பப்படி’ என்ற இடத்தில் கண்ணைக்கூட மூடிக்கொண்டார். படித்து முடித்ததும் முதல் கையைத் தூக்கியவரும் அவர்தான்.

“ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க. இன்டர்னல் மார்க் இன்னும் ஏறல, ஞாபகம் இருக்கட்டும்” என்றார் பதிவாளர்.

முதலாம் ஆண்டு முழுக்கக் கையைத் தூக்கியது. டிரைவர்கள் கோவிந்தராஜைப் பார்த்தார்கள், அவர்தான் பேருந்துக்கும் முதலாளி. பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். ஜாஸ்லின் பக்கத்தில் திரும்பினாள். அர்ஷத்தின் கை மேலே இருந்தது, கண் தரையில் இருந்தது.

“அர்ஷத்! உங்க அத்தா பாய்லர்டா அது!”

“இன்னா பண்ணச் சொல்ற ஜாஸ்? வர்ற வாரம் கேம்பஸ் இன்டர்வியூ கீது. லிஸ்ட்ல பேர எடுத்துட்டாங்கன்னா? அத்தா டீ ஆத்தி ஆத்தி படிக்க வெச்சிகினு கீறாரு.” கையை அவன் இறக்கவில்லை.

கடைசி வரிசையில் பார்வதத்தின் கையும் மேலே இருந்தது. நேராக, விரல் விரித்து, மற்ற எல்லாக் கைகளையும்விட உயரமாக. அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. கேள்வி இருப்பவர் கையைத் தூக்கவேண்டும், தூக்கினால் கூப்பிடுவார்கள். ஜாஸ்லின் சொல்லிக்கொடுத்தது. போட்டோகிராபர் ஓடிவந்து அந்தக் கையை நாலு கோணத்தில் எடுத்தார். எண்ணுகிறவர் வந்து எண்ணிவிட்டுப் போனார்.

“அக்கா, கைய எறக்குங்க!” என்று ஜாஸ்லின் கத்தினாள். அரங்கத்தின் இரைச்சலில் அது பார்வதத்தை எட்டவில்லை.

“தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது” என்றார் பதிவாளர்.

ஜாஸ்லின் எழுந்து நின்றாள். “மேடம், நான் தூக்கல. எப்டி ஏகமனது?”

பதிவாளர் அவளைப் பரிவோடு பார்த்தார். “வந்தவங்க எல்லாரும் தூக்கிட்டாங்க. தூக்காதவங்க வரலன்னு எழுதிட்டோம். நீங்க இன்னிக்கு ஆப்சென்ட். உட்காருங்க.”

வராத பெண் எதற்கு உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஜாஸ்லினுக்கும் தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

மாலையில் இயக்குநர் அறைக்குப் போனாள். புது அறை, புது ஏ.சி. கதவில் பெயர்ப்பலகையின் பசை காயவில்லை. ஜேசுராஜ் சார் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க சார்.”

“பாத்துட்டுத்தாம்மா இருந்தேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்கும் குடும்பம் இருக்கு. எத்தன ஜூன் அந்த வாசல்ல நின்னேன் தெரியுமா? நான் நடத்துனதுல ஒரு வார்த்தையாவது தப்புன்னு சொல்லு பாக்கலாம். எல்லாம் கரெக்டுதான். ஆனா அது பாடம்மா. நீ போயி நெசமாவே கடை போடுவேன்னு எவன் நெனச்சான்?”

ஜாஸ்லினுக்கு அழுகை வரவில்லை. வேந்தர் ஏமாற்றவில்லை, அவர் முதல் நாளே தன் குடும்பத்தைக் காட்டித் தெளிவாகச் சொல்லிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு பேசிய இந்த மனிதர்தான் கழுத்தை அறுத்தார். அவரை நம்பி, அவர் சொன்னதை அப்படியே பார்வதத்துக்குப் படித்துக் காட்டியவள் அவள்தான்.

அடுத்த வாரம் தகரக் கூரையைப் பிரித்தார்கள். பாய்லர் உணவகத்துக்குப் போயிற்று. துப்புரவுப் பெண்கள் மறுபடி ஜெனரேட்டர் ஓரத்தில் நின்று குடித்தார்கள், இந்தத் தடவை கோவிந்தராஜின் டீ. பார்வதம் கான்ட்ராக்டரிடம் போய்க் கேட்டாள். கடை முதலாளியம்மாவுக்குத் துடைப்பம் எதற்கு என்று சிரித்து அனுப்பிவிட்டான். தரச்சான்றுக் குழு வந்தது, கண்ணாடிப் பெட்டியில் தெர்மாகோல் டீக்கடையைப் பார்த்தது, சுவிட்சைப் போட்டு எரிகிறதா என்று சோதித்தது. உயர்ந்த தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

பருவத் தேர்வு வந்தது. ஒருநாள் வராததற்காக மன்னிப்புக் கடிதம் கொடுத்த பிறகுதான் ஜாஸ்லினை உள்ளே விட்டார்கள். கூட்டுறவுத் தொழில்முனைவுத் தாளில் கட்டாயக் கேள்வி இப்படி இருந்தது: ‘விண்மதி மாணவர் கூட்டுறவுத் தேநீரகத்தின் வெற்றிக்கு வேந்தரின் தொலைநோக்கு எவ்வாறு காரணமாயிற்று என்பதைத் தக்க சான்றுடன் விளக்குக.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கையைத் தூக்கினாள். மேற்பார்வையாளர் வந்தார், கூடுதல் விடைத்தாள் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் புதிய பேனர் கட்டியிருந்தார்கள். தூண் உயரத்துக்குப் பார்வதத்தின் படம். சிவப்புப் புடவை, நேராகத் தூக்கிய கை, விரித்த விரல்கள். கீழே, ‘வேந்தரே, நீங்கள் கேட்டீர்கள்! நாங்கள் கை உயர்த்தினோம்!’

அந்தப் படத்துக்கு நேர் கீழே, கேட்டுக்கு வெளியே, பார்வதம் நின்றுகொண்டிருந்தாள். வாட்ச்மேன் அவளிடம் அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருந்தான்.

“பேனர்ல கீறது நான்தாம்பா, பாரேன்.”

“அது சரி, கார்டு கீதா? கார்டு இல்லாம உள்ள உடக்கூடாதுன்னு ஆர்டரு.”

ஜாஸ்லின் ஓடினாள். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடினாள். பார்வதம் திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பார்வதம் அவளையும் பார்த்தாள், மேலே தன் படத்தையும் பார்த்தாள்.

“பாப்பா, நீதான சொன்ன, கைய தூக்குனா கூப்டுவாங்கன்னு. அன்னிக்கி தூக்குனது, அதோ பாரு, இன்னும் தூக்கிகினுதான் கீறேன். எம்மா நாளு ஆச்சி. எப்பம்மா கூப்டுவாங்கோ?”